லாம்பர்ட்டும் ஹோல்ட்டும்: ஊர் ஊராக ஆடிய ஸ்ட்ரைக்கருக்குக் கிடைத்தது அதிர்ஷ்டமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

ரிக்கி லாம்பர்ட் 31 வயதில் இங்கிலாந்து அணிக்கு ஆடினார், களத்தில் இறங்கியதும் கோல் போட்டார் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் கீழ் டிவிஷன்களில் கிளப் மாற்றிக்கொண்டே இருந்தவர். அவ்வளவு திறமை இருந்திருந்தால் அத்தனை வருடம் யார் கண்ணிலுமா படவில்லை? நல்ல நேரம், நல்ல கிளப் ஒன்று வாய்த்தது, அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. யாராவது மறுக்க முடியுமா?

ஜனவரி 9, இரவு

நான் மறுக்கிறேன். கோல் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டே பேசலாம்.

2005-06ல் ராச்டேல் கிளப்புக்கு, நான்காம் டிவிஷனில், 46 லீக் ஆட்டத்தில் 22 கோல். 2008-09ல் பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு, மூன்றாம் டிவிஷனில் 29. அடுத்த வருடம் அதே டிவிஷனில் சவுத்தாம்ப்டனுக்கு 30. அதற்கடுத்து 21. ஒரு படி ஏறி சாம்பியன்ஷிப்பில் 2011-12ல் 27. இன்னொரு படி ஏறி பிரீமியர் லீக்கில் 2012-13ல் 15. அந்த வருடம் இங்கிலாந்துக்காரர்களில் அவருக்குச் சமமாகக் கோல் போட்டவர் ஃப்ராங்க் லாம்பார்ட் ஒருவர்தான்.

டிவிஷன் மாறிக்கொண்டே போகிறது, கோல் நிற்கவில்லை. அதிர்ஷ்டம் ஒரு சீசன் கூட வரும். இத்தனை சீசன் வராது.

ஜனவரி 10

ஆரம்பத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்கள் இருப்பீர்கள்.

லாம்பர்ட் லிவர்பூலை ஒட்டிய கர்க்பியில் பிறந்தவர். பத்து வயதில் லிவர்பூல் கிளப்பின் அகாடமிக்குள் போனார், பதினைந்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பிளாக்பூல். அங்கேயும் கொஞ்ச நாளில் கைவிட்டார்கள். கிளப் இல்லாமல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுனில் சம்பளமில்லாமல் டிரயலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பீட்ரூட் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு மூடி போடும் வேலை. நாளுக்கு 20 பவுண்ட்.

இந்தப் பீட்ரூட் கதையை அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அடுத்து நடந்தது. மேக்கிள்ஸ்ஃபீல்ட் அவரை எடுத்துக்கொண்டது, கொஞ்ச காலத்திலேயே 2002ல் ஸ்டாக்போர்ட் கவுன்ட்டிக்கு 3 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்தச் சின்ன கிளப்புக்கு அதற்கு முன் அவ்வளவு பெரிய தொகை வந்ததே இல்லை. இருபது வயதுப் பையனுக்கு அந்தத் தொகையை ஒரு கிளப் கொடுத்திருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை என்பது சரியில்லை.

ஜனவரி 10, இரவு

"அப்படியானால் ஸ்டாக்போர்ட்டில் என்ன செய்தார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இதை மழுப்ப முடியாது. நூறுக்குக் கொஞ்சம் குறைவான லீக் ஆட்டங்கள், 18 கோல். கிளப்பும் அந்தக் காலத்தில் சரிந்துகொண்டிருந்தது, 2005ல் மூன்றாம் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியது. அப்படிப்பட்ட அணியில் ஸ்ட்ரைக்கரிடம் பந்து வருவதே அபூர்வம். வந்தாலும் துணைக்கு ஆள் இருக்காது.

அதற்காக முழுப் பழியையும் கிளப் மேல் போட மாட்டேன். அவர் உடம்பு கச்சிதமாக இருக்கவில்லை. பின்னாளில் சவுத்தாம்ப்டனில் மேனேஜர் ஆலன் பார்டியு எடையைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் முழு உடல்தகுதிக்கு வந்தார் என்பதை அவரே பலமுறை பேசியிருக்கிறார். கீழ் டிவிஷனில் சாப்பாட்டைக் கவனிக்கத் தனி ஆள் கிடையாது. பயிற்சி முடிந்தால் பையன்கள் நேராகப் போவது பக்கத்துக் கடைக்குத்தான்.

ஜனவரி 12

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2005-06ல் ராச்டேலில் லாம்பர்ட்டுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நின்றவர் யார் தெரியுமா? கிராண்ட் ஹோல்ட்.

நான்காம் டிவிஷனில், மான்செஸ்டருக்கு வடக்கே, வந்தாலும் சில ஆயிரம் பேர்தான் வரும் ஒரு மைதானத்தில், பின்னாளில் பிரீமியர் லீக்கில் ஒரே சீசனில் ஆளுக்கு 15 கோல் போடப்போகும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே சட்டையில் ஆடியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒருவர் மட்டும் இப்படி வந்திருந்தால் அபூர்வம் என்று விட்டுவிடலாம். இரண்டு பேர் ஒரே அணியிலிருந்து!

ஹோல்ட்டின் பாதை லாம்பர்ட்டுடையதைவிடக் கரடுமுரடானது. கார்லைல் ஊர்க்காரர். வொர்க்கிங்டன், ஹாலிஃபாக்ஸ், அப்புறம் ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் சொரென்டோ என்ற கிளப், 2001ல் சிங்கப்பூரில் செங்காங் மரைன். திரும்பி வந்து லீக்குக்கு, அதாவது மேல் நான்கு டிவிஷன்களுக்கு, வெளியே இருந்த பேரோவில் ஆடியபோது டயர் மாட்டும் வேலையும் பார்த்தார். பிறகு ஷெஃபீல்ட் வென்ஸ்டே, ராச்டேல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், லோனில் (தற்காலிகமாகக் கடனாக) பிளாக்பூல், ஷ்ரூஸ்பரி. இவ்வளவுக்கும் பிறகு, 28 வயதில்தான் நாரிச்.

ராச்டேலுக்கு அவர் ஆடியது 75 லீக் ஆட்டம், போட்டது 35 கோல். அதைப் பார்த்துத்தான் 2006 ஜனவரியில் ஃபாரஸ்ட் வாங்கியது. வாங்கி என்ன செய்தார்கள்? பல ஆட்டங்களில் ஓரத்தில் ஓடவிட்டார்கள். நடுவில் நின்று முதுகால் ஆளைத் தாங்கி ஆடுபவரை ஓரக்கோட்டில் ஓடச் சொன்னால் கோல் எங்கிருந்து வரும்? 96 லீக் ஆட்டத்தில் 21. ஷ்ரூஸ்பரி அவரைத் திரும்ப நடுவில் நிறுத்தியது, ஒரே சீசனில் லீக்கில் மட்டும் 20. எங்கள் ஊர் விக்கம் வான்டரர்ஸ் மேல் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டதும் அந்த சீசனில்தான். 7-0. இங்கே யாரிடமும் அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

சிங்கப்பூரிலிருந்து எழுதிய நண்பருக்கு: ஆமாம், அதே ஹோல்ட்தான். அப்போது அவருக்கு 20 வயது. கேலாங்கிலும் ஹௌகாங்கிலும் வெள்ளிக்கிழமை ராத்திரி எஸ்-லீக் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். உங்கள் லீக்கில் ஓடிய பையன் பத்து வருடம் கழித்து லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் கோல் போட்டான்.

ஜனவரி 13

அந்த ஆன்ஃபீல்ட் கோலைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2011 அக்டோபர் 22. லிவர்பூல் 1-0 என்று முன்னால் இருந்தது, கிரெய்க் பெல்லமி போட்ட கோல். ஹோல்ட் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஓரத்திலிருந்து ஒரு கிராஸ் வருகிறது. கோல்கீப்பர் பெப்பே ரெய்னா வெளியே வருகிறார். ஹோல்ட் அவருக்கு முன்னால் எழும்பித் தலையால் தள்ளுகிறார். 1-1.

திரும்பப் போட்டுப் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு ஹோல்ட்டின் காலைப் பாருங்கள். கிராஸ் புறப்படும் முன்பே அவர் இடத்தைப் பிடித்துவிட்டார். கீப்பரோடு மோதப்போகிறோம் என்று தெரிந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. கையில் குத்து வாங்குவது, கழுத்தில் முழங்கை படுவது எல்லாம் பேரோவிலும் ராச்டேலிலும் வாராவாரம் நடப்பது. உலகக் கோப்பை அணியில் இருந்த கீப்பர் வெளியே வந்தாலும் அவருக்கு அது இன்னொரு சனிக்கிழமைதான்.

ஜனவரி 15

முதுகால் தாங்குவது என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதைப் புரியாமல் இந்த ஆட்களைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாக.

நான் ஞாயிற்றுக்கிழமை அமெச்சூர் லீக்கில் சென்டர் பேக், அதாவது எதிரணி ஸ்ட்ரைக்கரைத் தடுப்பவன். ஒருமுறை எதிரணியில், ஐந்தாம் டிவிஷனில் சம்பளத்துக்கு ஆடி ஓய்ந்த ஒருவர் வந்தார். நாற்பதைத் தொடும் வயது. ஓட்டமே கிடையாது. முதல் பத்து நிமிடம் சுலபமாக இருக்கும் என்று எண்ணினேன்.

அவர் செய்தது இதுதான். நீளப் பந்து அவர்கள் பக்கத்திலிருந்து கிளம்பும்போது எல்லோரும் பந்தைப் பார்ப்போம். அவர் பார்க்கமாட்டார். அந்த ஒரு நொடியில் பின்பக்கமாக இரண்டடி வந்து, தன் இடுப்பை என் தொடைமேல் வைத்துவிடுவார். கை விரிந்திருக்கும், ஆனால் பிடிக்காது, அதனால் ஃபவுல் கிடையாது. நான் எழும்பலாம் என்று பார்த்தால் எழும்ப இடமில்லை. முன்னால் போகலாம் என்றால் எந்தப் பக்கம் போகிறேனோ அந்தப் பக்கம் அவர் எடையைச் சாய்ப்பார். பந்து மெதுவாக அவர் நெஞ்சில் வந்து இறங்கும். ஓடிவரும் ஆளுக்குத் தட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து "பரவாயில்லை தம்பி" என்கிற மாதிரி ஒரு தட்டு. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடை முழுக்க நீலம்.

இதை யாரும் அகாடமியில் சொல்லித்தருவதில்லை. பதினெட்டு வயதில் நான்காம் டிவிஷனுக்கு வந்து, முப்பத்தைந்து வயது சென்டர் பேக்குகளிடம் அடி வாங்கித்தான் கற்றுக்கொள்கிறார்கள். லாம்பர்ட்டும் ஹோல்ட்டும் கீழே கழித்த வருடங்களை வீணான காலம் என்று எல்லோரும் சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். பிரீமியர் லீக்குக்கு அவர்கள் எடுத்துப் போனதே அந்த வருடங்களில் சேர்த்ததைத்தான்.

ஜனவரி 15, நள்ளிரவு

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

அடி வாங்கியவர்கள் எல்லோரும் மேலே வரவில்லை. அதே காலத்தில் அதே டிவிஷன்களில் அதே வேலையைச் செய்த நூற்றுக்கணக்கான ஸ்ட்ரைக்கர்கள் அங்கேயே ஆடி அங்கேயே ஓய்ந்தார்கள். அப்படியானால் இந்த இருவருக்கு மட்டும் என்ன கூடுதல்? லாம்பர்ட்டுக்குப் பதில் சுலபம்: கால். அந்தப் பெரிய உடம்புக்குள் ஒரு மிட்ஃபீல்டரின் வலது கால் இருந்தது. ஃப்ரீ கிக், முப்பது கஜத்திலிருந்து பாஸ், பெனால்ட்டி. சவுத்தாம்ப்டனுக்கு அவர் எடுத்த 34 பெனால்ட்டியும் கோல், ஒன்றுகூடத் தவறவில்லை. 2008 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பிரிஸ்டல் ரோவர்ஸ் ஒரு பெரிய கிளப்பை 1-0 என்று வீழ்த்தியதும் அவருடைய ஃப்ரீ கிக்கில்தான். தோற்ற கிளப் எது? சவுத்தாம்ப்டன்! அடுத்த வருடம் அவர்களே வந்து அவரை வாங்கிக்கொண்டார்கள்.

ஹோல்ட்டிடம் அந்தக் கால் கிடையாது. அவரிடம் இருந்தது வேறு, அதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 17

2009 ஆகஸ்ட் 8. மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிய நாரிச்சின் முதல் ஆட்டம், சொந்த மைதானமான கேரோ ரோடில், கோல்செஸ்டரோடு. ஹோல்ட்டுக்கும் அங்கே முதல் லீக் ஆட்டம். 7-1 என்று தோற்றார்கள். கோபத்தில் சீசன் டிக்கெட்டை மைதானத்துக்குள் வீசியவர்களும் உண்டு. சில நாளில் மேனேஜர் பிரயன் கன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவருக்குப் பதில் நாரிச் கூட்டிவந்தது, அந்த ஏழு கோலைப் போட்ட கோல்செஸ்டரின் மேனேஜர் பால் லாம்பர்ட்டையே. (ரிக்கிக்கும் இவருக்கும் உறவு கிடையாது, மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.)

பால் லாம்பர்ட் ஹோல்ட்டைக் கேப்டனாக்கினார். அந்த சீசன் லீக்கில் 24 கோல், நாரிச் சாம்பியன். அடுத்த வருடம் சாம்பியன்ஷிப்பில் 21, மறுபடி மேலே. அதில் பரம எதிரியான இப்ஸ்விச்சுக்கு எதிராக ஹாட்ரிக், 4-1. நாரிச்காரர்களுக்கு இப்ஸ்விச் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மூன்றாவது வருடம் பிரீமியர் லீக்கில் 15. கிளப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருது மூன்று வருடமும் அவருக்கே. அதற்கு முன் யாரும் அப்படித் தொடர்ந்து மூன்று முறை வாங்கியதில்லை.

அவரிடம் இருந்தது என்ன என்றால், மொத்த அணியையும் தோளில் தூக்கிக்கொண்டு போகும் பிடிவாதம். 7-1 தோல்விக்குப் பிறகு தலையைத் தொங்கப்போடாத ஆள் ஒருவர் தேவைப்பட்டார். பத்து கிளப் பார்த்தவருக்கு ஒரு தோல்வி பெரிதில்லை.

கூடவே ஒரு துணுக்கு. ஷ்ரூஸ்பரியை விட்டு வருமுன் ஹோல்ட் ஆடிய கடைசி ஆட்டங்களில் ஒன்று 2009 ப்ளே-ஆஃப் இறுதிப் போட்டி, மேல் டிவிஷனுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான ஆட்டம். ஜில்லிங்ஹாம் கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. போட்டவர் சிமியோன் ஜாக்சன். அதே ஜாக்சன் அடுத்த வருடம் நாரிச்சுக்கு வந்தார். 2011ல் போர்ட்ஸ்மவுத்தில் நாரிச்சை பிரீமியர் லீக்குக்கு ஏற்றிய அந்த ஒரே கோலைப் போட்டவரும் அவர்தான். இந்த டிவிஷன்களில் எல்லோரும் எல்லோரையும் எங்கேயாவது மறுபடி சந்திப்பார்கள்.

ஜனவரி 18

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: "நீங்களே சொல்லிவிட்டீர்கள். சவுத்தாம்ப்டனும் நாரிச்சும் இல்லையென்றால் இவர்கள் இல்லை. அதுதானே அதிர்ஷ்டம்?"

இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பகுதி உண்மை. இரண்டு கிளப்பும் பெரிய கிளப், தற்காலிகமாகக் கீழே விழுந்தவை. சவுத்தாம்ப்டன் 2009ல் திவாலாகி, மார்கஸ் லீபெர் என்ற தொழிலதிபர் வாங்கிக் காப்பாற்றி, பத்துப் புள்ளி கழிக்கப்பட்ட நிலையில் சீசனைத் தொடங்கியது. விழுந்த பெரிய கிளப்புக்கு ஏறும் வேகம் இருந்தது, பணமும் இருந்தது. இருவரும் அந்த ஏணியில் ஏறினார்கள். இரண்டு பேரும் கிளப்போடு சேர்ந்தே இரண்டு படி ஏறியதுதான் முக்கியம். தனியாளாக எந்த பிரீமியர் லீக் கிளப்பும் 29 வயது மூன்றாம் டிவிஷன் ஸ்ட்ரைக்கரை வாங்கியிருக்காது. கோல் எத்தனை என்று பார்ப்பதற்கு முன் வயதைப் பார்ப்பார்கள், விற்றால் காசு திரும்புமா என்று பார்ப்பார்கள்.

அதனால் என் பதில் இப்படி மாறுகிறது: திறமை கீழே இருந்தபோதே இருந்தது. வாங்குபவர்களின் கணக்குதான் அதை மேலே விடவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொன்னால், மேலே வராத மற்றவர்களுக்கு நடந்ததை அநியாயம் என்றும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 20

ஊர் ஊராகப் போவது என்பதை ஏதோ சாகசம் மாதிரிப் பேசுகிறோம். நடைமுறை அப்படி இல்லை. கீழ் டிவிஷனில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு. மே மாதம் சீசன் முடிந்ததும் கிளப் ஒரு பட்டியல் வெளியிடும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம். ஜூன் 30ம் தேதியோடு சம்பளம் நிற்கும். 2016 வரைக்கும் லீக்கில் அவசர லோன் என்று ஒரு முறை இருந்தது, 93 நாள் வரை. வியாழக்கிழமை போன் வரும், சனிக்கிழமை வேறு ஊரில் முன்பின் தெரியாத பத்துப் பேரோடு ஆட வேண்டும். மனைவி, பிள்ளைகள் பழைய ஊரில்.

அகின்ஃபென்வா என்ற பெரிய உடம்பு ஸ்ட்ரைக்கரை விக்கமில் பலமுறை பார்த்திருக்கிறேன். மலையடிவாரத்து ஆடம்ஸ் பார்க்கில் அவர் களமிறங்க எழுந்தாலே மைதானம் எழுந்துவிடும். அவர் கதையும் இதேதான். லிதுவேனியாவில் தொடங்கி, அங்கே ரசிகர்களின் இனவெறிக் கூச்சலைத் தாங்கி, வேல்ஸ், அப்புறம் இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் ஒரு டஜன் கிளப். 2016 மே மாதம் விம்பிள்டன் கிளப்புக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ப்ளே-ஆஃப் இறுதிப் போட்டியில் கோல் போட்டு மேலே ஏற்றினார். அன்றே டிவி பேட்டியில் தனக்கு வேலை இல்லை என்றும், மேனேஜர்கள் வாட்ஸாப்பில் கூப்பிடலாம் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது உண்மை நிலவரம், கப்பைத் தூக்கிய கையில் அடுத்த மாதச் சம்பளம் இல்லை.

கூப்பிட்டது எங்கள் விக்கம். 2020ல் 38 வயதில் எங்களோடு சாம்பியன்ஷிப்புக்கு வந்தார். கிளப்பின் வரலாற்றிலேயே முதல்முறை. கொரோனா காலம், வெம்ப்ளி காலி. நேரில் இருக்க முடியாமல் போன வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜனவரி 21

ஹோல்ட் ஏன் இங்கிலாந்துக்கு ஆடவில்லை என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். 2011-12ல் அவரைவிட அதிகம் கோல் போட்ட இங்கிலாந்துக்காரர் ரூனி மட்டும்தான். யூரோ 2012க்கு இங்கிலாந்து மேனேஜர் ராய் ஹாட்ஜ்சன் எடுத்தது ரூனி, கேரல், வெல்பெக், டிஃபோ. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. பெரிய உடம்புக்காரர் ஒருவர் வேண்டும் என்றுதானே ஆண்டி கேரலை எடுத்தார்கள்? அந்த சீசன் லீக்கில் கேரல் போட்டது 4 கோல்.

அடுத்த வருடம் லாம்பர்ட்டுக்குக் கதவு திறந்தது. 2013 ஆகஸ்ட் 14, வெம்ப்ளி, எதிரில் ஸ்காட்லாந்து, 2-2. ரூனிக்குப் பதில் இறங்கினார், லெய்டன் பெய்ன்ஸ் கார்னர் எடுத்தார், முதல் தொடுகை தலையால், 3-2. அணிக்கு அழைப்பு வந்த அன்றுதான் அவருக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. ஹோல்ட்டுக்கு அப்படி ஒரு மாலை கிடைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறை அந்த வீடியோவைப் பார்க்கும்போதும் தோன்றும்.

ஜனவரி 24

2014ல் லாம்பர்ட் லிவர்பூலுக்குத் திரும்பியதைத் தோல்வி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோலைப் பார்த்தால் லீக்கில் இரண்டுதான், ஆம். ஆனால் அவருக்குச் சுற்றி ஆட யார் இருந்தார்கள்? சுவாரெஸ் போய்விட்டார், ஸ்டரிட்ஜுக்குக் காயம், பாதி சீசன் பெஞ்ச். சவுத்தாம்ப்டனில் எல்லாப் பந்தும் அவர் வழியாகப் போனது, லிவர்பூலில் எப்போதாவது வந்தது. ஃபாரஸ்டில் ஹோல்ட்டுக்கு நடந்ததும் இதேதான். இந்த வகை ஸ்ட்ரைக்கரை மையமாக வைத்து அணியை அமைத்தால் கோல் வரும். அமைந்துவிட்ட அணியில் கொண்டுபோய்ச் செருகினால் வராது.

இன்னொன்று: பதினைந்து வயதில் அனுப்பிய கிளப் 32 வயதில் 40 லட்சம் பவுண்ட் கொடுத்துத் திரும்ப அழைத்தது. கர்க்பியில் பிறந்த ஒருவர் அதை வேண்டாம் என்பாரா? நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

ஜனவரி 27

மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் 2020ல் கடனில் கலைக்கப்பட்டது. அதே மைதானத்தில் புதுப் பெயரில் கீழிருந்து தொடங்கியிருக்கிறார்கள். ஹோல்ட் ஆடிய பழைய ஹாலிஃபாக்ஸ் 2008ல் முடிந்து, புது கிளப்பாகத் திரும்பியது. அந்தப் புது ஹாலிஃபாக்ஸில்தான், பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி ஒரு சீசன் ஆடினார். ராச்டேல் நூறு வருடத்துக்கு மேல் லீக்கில் இருந்துவிட்டு 2023ல் வெளியே இறங்கியது. இன்னொரு பக்கம், ஸ்டாக்போர்ட் ஆறாம் டிவிஷன் வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. பேரோ 48 வருடம் கழித்து 2020ல் லீக்குக்குள் வந்தது.

இப்போது இந்த கிளப்புகளில் முன்வரிசையில் நிற்பவர்களில் பலர் பெரிய கிளப்புகள் லோனில் அனுப்பிய இருபது வயதுப் பையன்கள். ஜனவரியில் வருவார்கள், மே மாதம் போய்விடுவார்கள். மூன்று வருடம் ஒரே இடத்தில் அடி வாங்கிக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நேரமில்லை, சொந்தமாக ஒரு லாம்பர்ட்டை வளர்த்து விற்கக் கிளப்புக்கும் வழியில்லை. இதில்தான் எனக்குப் பெரிய கவலை.

ஜனவரி 27, பின்னிரவு

யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள நான்காம் அல்லது ஐந்தாம் டிவிஷன் மைதானத்துக்குப் போங்கள், நிற்கும் கேலரியில் கோலுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். நீளப் பந்து கிளம்பும்போது பந்தைப் பார்க்காதீர்கள், ஒன்பதாம் நம்பர் ஸ்ட்ரைக்கரின் இடுப்பைப் பாருங்கள். அடுத்த மாதம் விக்கம் பக்கம் வருகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.